சர்க்கரை 24, கீட்டோன் இல்லை: 13 மாதக் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெற்றோரின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். ஊர், மருத்துவமனை, தேதி எதையும் குறிப்பிடவில்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்து எழுதினாலும், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் எவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

பின்னணி

பெண் குழந்தை, வயது 13 மாதம், எடை 9.2 கிலோ. சுகப்பிரசவம். தடுப்பூசிகள் எல்லாம் சரியாகப் போட்டிருந்தார்கள். பிடித்துக்கொண்டு நடக்கிறாள், “அம்மா”, “தாத்தா” சொல்கிறாள். அதுவரை மருத்துவமனையில் தங்கியதே இல்லை.

குடும்ப விவரத்தில் இரண்டு செய்திகள் முக்கியம். அம்மா கல்யாணம் செய்துகொண்டது சொந்த அத்தை மகனை. முதலில் பிறந்த ஆண் குழந்தை 11 மாதத்தில், காய்ச்சலும் வாந்தியுமாக இருந்த ஒரு நாளின் மறுநாள் விடியற்காலையில், வலிப்பு வந்து இறந்துபோயிருந்தான். மூளைக்காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாங்கள் கேட்டபோதுகூட முதலில் தலையாட்டி மறுத்துவிட்டு, அப்புறம் குழந்தையின் அப்பத்தாதான் சொன்னார்.

அம்மா ஒரு நூற்பாலையில் மீண்டும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். அதனால் இரவில் இரண்டு மூன்று முறை குடித்துக்கொண்டிருந்த தாய்ப்பாலை நிறுத்தியிருந்தார்கள். வயது ஒன்று தாண்டிய குழந்தைக்கு இது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். இந்தக் குழந்தை அதுவரை நோயில்லாமல் இருந்ததற்கு அந்த இரவுப் பால்தான் காரணம் என்பது பிற்பாடு புரிந்தது.

வந்து சேர்ந்த காலை

முந்தின நாள் லேசான காய்ச்சல், நாலைந்து தடவை வாந்தி. சாயங்காலம் இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவள், இரவில் எழவில்லை. “அசந்து தூங்குது, எழுப்ப வேணாம்னு விட்டுட்டோம் டாக்டர்” என்றார் அம்மா. காலை ஐந்தரை மணிக்குத் தொட்டுப் பார்த்தபோது உடம்பு வியர்த்து, கண் மேலே செருகி, கை கால் வெட்டியிருக்கிறது. பக்கத்து ஊர் மருத்துவமனையில் வலிப்புக்கு ஊசி போட்டு, மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்ற குறிப்போடு 108இல் அனுப்பினார்கள்.

எங்களிடம் வந்தபோது குழந்தை மயக்கத்தில் இருந்தாள். கிள்ளினால் முகத்தைச் சுளித்தாள், கண் திறக்கவில்லை. கழுத்து இறுக்கம் இல்லை. கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே 4 செ.மீ. தட்டுப்பட்டது, வழவழப்பாக, சற்றுக் கெட்டியாக இருந்தது. மண்ணீரல் தட்டுப்படவில்லை. குளுக்கோமீட்டரில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 24 மில்லிகிராம்.

சர்க்கரை 24 என்றால் வேறெதற்கும் காத்திருக்கக் கூடாது. சொட்டுநீருக்காக நரம்பில் ஊசி குத்தியதும், எதையும் ஏற்றுவதற்கு முன் அதே வழியில் ரத்தம் எடுத்தோம். சர்க்கரை, இன்சுலின், கார்டிசால், அமோனியா, லாக்டேட், கல்லீரல் சோதனைகள் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம். மிச்சமிருந்த சொட்டுகளை, பிறவி வளர்சிதை மாற்ற நோய்களைச் சோதிக்க உதவும் வடிதாள் அட்டையில் நான்கு வட்டங்களில் இட்டுக் காய வைத்தோம். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உடனே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்), கிலோவுக்கு 2 மி.லி. கணக்கில் 18 மி.லி., அதைத் தொடர்ந்து மணிக்கு 45 மி.லி. சொட்டுநீர். நிமிடத்துக்கு, கிலோவுக்கு 8 மில்லிகிராம் சர்க்கரை போகும் கணக்கு அது. கால் மணி நேரத்தில் சர்க்கரை 71க்கு வந்தது.

பணியில் இருந்த செவிலியர், குழந்தை வந்தவுடனேயே சிறுநீர் சேகரிக்கும் பையை ஒட்டியிருந்தார். டெக்ஸ்ட்ரோஸ் ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் விழுந்த முதல் சிறுநீரைப் பட்டைச் சோதனை செய்து, “சர்க்கரை இல்ல, கீட்டோனும் இல்ல டாக்டர், பட்டையில நிறமே மாறல” என்றார். இந்த நிகழ்வின் மையம் இந்த ஒரு வரிதான்.

கீட்டோன் என்பது சர்க்கரை குறையும்போது கல்லீரல் கொழுப்பை எரித்துச் செய்யும் மாற்று எரிபொருள். ஒரு நாளாகச் சரியாகச் சாப்பிடாத, சர்க்கரை 24க்கு இறங்கிய குழந்தையின் சிறுநீரில் அது வழிய வேண்டும். பட்டை கருஊதா நிறத்துக்குப் போக வேண்டும். வாந்தி எடுத்துப் பட்டினி கிடக்கும் சாதாரணக் குழந்தையிடமே அதைப் பார்க்கிறோம். இங்கே நிறம் மாறவில்லை. கல்லீரலோ வீங்கியிருக்கிறது.

கல்லீரலில் நடந்திருக்க வேண்டியது

சாப்பிட்டு சில மணி நேரம் ஆனதும் இன்சுலின் இறங்கும், அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் ஏறும். கல்லீரல் தன்னிடமுள்ள கிளைகோஜனை (சேமித்துவைத்த சர்க்கரையை) உடைத்து ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுக்கும். பெரியவர்களுக்கு இந்த இருப்பு ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். ஒரு வயதுக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் மூளை பெரிது, கல்லீரலின் இருப்பு சிறிது. ஒரு இரவைத் தாண்டுவதே கடினம்.

அந்த நேரத்தில் கொழுப்புத் திசுக்கள் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விடுகின்றன. அவை தண்ணீரில் கரையாதவை என்பதால் அல்புமின் புரதத்தின் மேல் ஏறி வருகின்றன. கல்லீரல் செல்லின் சுவரில் அவற்றை உள்ளே இழுக்கும் புரதங்கள் இருக்கின்றன. உள்ளே போனதும் இன்னொரு சிறு புரதம் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு கோஎன்சைம்-ஏ (சுருக்கமாக கோஏ) என்ற மூலக்கூறு ஒட்டப்படுகிறது. அது ஒட்டியபின் கொழுப்பு அமிலம் செல்லை விட்டு வெளியே நழுவ முடியாது.

இப்போது அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கிளிசராலோடு சேர்ந்து டிரைகிளிசரைடு என்ற சேமிப்புக் கொழுப்பாக மாறுவது. அது விஎல்டிஎல் எனும் கொழுப்பு சுமக்கும் துகள்களாக ரத்தத்துக்குத் திரும்பும், அல்லது கல்லீரலிலேயே துளிகளாகத் தங்கும். மற்றொன்று, செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் இரண்டிரண்டு கார்பனாக வெட்டப்பட்டு எரிவது. 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலம் ஏழு சுற்றுகளில் எட்டு அசிடைல் கோஏ துண்டுகளாகிறது.

நீளமான கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரைத் தானாகக் கடக்காது. கோஏவைக் கழற்றிவிட்டுக் கார்னிடைன் என்ற சிறு மூலக்கூறை மாட்டிக்கொண்டால்தான் உள்ளே போக முடியும். அதை மாட்டிவிடும் நொதிக்கு சிபிடி-1 என்று பெயர். சாப்பிட்ட நேரத்தில் கல்லீரலில் உருவாகும் மலோனில் கோஏ இந்த நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. பட்டினியில் அது குறைய, வழி திறக்கிறது. புதிதாகக் கொழுப்பு அமிலம் செய்வதும் அதை எரிப்பதும் கல்லீரலில் ஒரே நேரத்தில் நடக்காததற்கு இதுதான் காரணம் என்று 1977இல் அமெரிக்காவின் டல்லஸில் மெகாரியும் ஃபாஸ்டரும் காட்டினார்கள். என் பார்வையில், கல்லீரலைப் பற்றி மாணவர்கள் படிப்பவற்றில் படுக்கையருகே இவ்வளவு நேரடியாகப் பயன்படும் பாடங்கள் சிலதான் உண்டு.

எரிந்து கிடைக்கும் அசிடைல் கோஏவிலிருந்து கல்லீரல் கீட்டோன்களைச் செய்கிறது. அவற்றைத் தானே எரிக்கும் நொதி கல்லீரலிடம் இல்லை. செய்வதெல்லாம் மூளை, இதயம், தசை இவற்றுக்காக. அது மட்டுமல்ல, புதிதாகச் சர்க்கரை தயாரிக்கத் தேவையான ஆற்றலும், அந்த வேலையைத் தொடங்கிவைக்கும் தூண்டலும் இதே கொழுப்பு எரிப்பிலிருந்துதான் கல்லீரலுக்கு வருகின்றன. எரிப்பு நின்றால் கீட்டோனும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மூளைக்கு இரண்டு எரிபொருளும் ஒரே இரவில் தீர்ந்துவிடும்.

இந்தக் குழந்தையின் நிலை அதுதான். விறகு கொல்லையில் மலையாகக் குவிந்திருக்கிறது, அடுப்படிக் கதவு திறக்கவில்லை. உள்ளே வந்த கொழுப்பு அமிலமெல்லாம் டிரைகிளிசரைடாக மாறிக் கல்லீரலிலேயே தேங்கிவிட்டது. கையில் தட்டுப்பட்ட அந்த 4 செ.மீ. பெரும்பாலும் கொழுப்பு.

அறிக்கை வரும்வரை எடுத்த முடிவுகள்

கீட்டோன் இல்லாத சர்க்கரைத் தாழ்வு என்றால் பெரிய அளவில் இரண்டு சந்தேகங்கள். இன்சுலின் அதிகமாகச் சுரந்து கொழுப்பு வெளிவருவதையே தடுக்கலாம். அல்லது வெளிவந்த கொழுப்பைக் கல்லீரல் எரிக்க முடியாமல் போகலாம். வீங்கிய கல்லீரல் இரண்டாவதைச் சுட்டியது. அன்று மாலை வந்த முடிவுகளில் இன்சுலின் அளவிட முடியாத அளவுக்குக் குறைவு, கார்டிசால் போதுமான அளவு. அமோனியா லிட்டருக்கு 142 மைக்ரோமோல். கல்லீரல் நொதிகள் இயல்பைவிட ஏழெட்டு மடங்கு. லாக்டேட் கொஞ்சமே கூடுதல். தசை நொதி இயல்பு, இதய எக்கோவும் இயல்பு.

அமோனியா ஏன் ஏறியது என்று ஒரு பயிற்சி மருத்துவர் கேட்டார். அமோனியாவை யூரியாவாக மாற்றும் யூரியா சுழற்சியைத் தொடங்கிவைக்கும் பொருளுக்கும் அசிடைல் கோஏ வேண்டும். கொழுப்பு எரியாவிட்டால் அதுவும் குறையும், அமோனியா தேங்கும்.

காய்ச்சல் இருந்ததால் நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்கினோம். முதுகுத் தண்டு நீர் தெளிவாக இருந்தது, ரத்த வளர்ப்பிலும் ஒன்றும் வளரவில்லை, 48 மணி நேரத்தில் மருந்தை நிறுத்தினோம். வலிப்புக்கு வால்ப்ரோயேட் மருந்து கொடுக்கவில்லை. அது கோஏவைப் பிடித்து வைத்து, ஏற்கெனவே திணறும் கொழுப்பு எரிப்பை மேலும் தடுக்கும். லெவட்டிராசெட்டம் என்ற வேறு வலிப்பு மருந்து கொடுத்தோம். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் பக்கமே போகவில்லை. நரம்பு வழியே கொழுப்புக் கரைசல் ஏற்றுவதையும் தவிர்த்தோம்.

மிகவும் யோசித்தது எம்சிடி எண்ணெய் பற்றித்தான். அந்த எண்ணெயில் உள்ள, 8, 10 கார்பன் கொண்ட நடுத்தரக் கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்கு வந்து, கார்னிடைன் இல்லாமலே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும். நுழைவாயிலில் கோளாறு என்றால் அது மருந்து. ஆனால் நடுத்தரக் கொழுப்பை வெட்டும் எம்கேட் நொதியில் கோளாறு இருந்தால் அதே எண்ணெய் விஷம். இரண்டு நோய்களும் முதல் நாளில் ஒரே மாதிரிதான் தெரியும். எனவே வடிதாள் முடிவு வரும்வரை எம்சிடி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். சர்க்கரை மட்டும் போதும். இன்சுலின் ஏறினால் கொழுப்பு வெளிவருவதே நிற்கும். கார்னிடைன் ஊசியும் போடவில்லை, அளவு தெரியாமல் கொடுக்க அவசியம் இருப்பதாகப் படவில்லை.

சர்க்கரை சரியான பிறகும் குழந்தை உடனே விழிக்கவில்லை. கண் திறந்து அம்மாவைத் தேட அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. சர்க்கரை எண் நன்றாக இருந்தாலும் மூளை மெதுவாகத்தான் தேறும் என்று குடும்பத்திடம் மணிக்கு ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அறிக்கை

ஐந்தாம் நாள் வடிதாள் முடிவு வந்தது. தனித்த கார்னிடைன் மிக அதிகம். 16, 18 கார்பன் கொழுப்பு மாட்டிய கார்னிடைன் ஏறக்குறைய இல்லை. மாட்டிவிட ஆள் இல்லாததால் கார்னிடைன் சும்மா கிடக்கிறது என்று பொருள். எம்கேட் கோளாறில் ஏற வேண்டிய 8 கார்பன் கார்னிடைன் இயல்பாக இருந்தது. கல்லீரலில் இருக்கும் சிபிடி-1ஏ நொதியின் குறைபாடு. மரபணுச் சோதனை பிறகு இதை உறுதி செய்தது: குழந்தைக்கு இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம், அப்பா அம்மா இருவரிடமும் ஒவ்வொரு பிரதியில்.

இதயத்துக்கும் தசைக்கும் சிபிடி-1பி என்ற வேறொரு வகை இருக்கிறது. அதனால்தான் எக்கோவும் தசை நொதியும் பழுதில்லாமல் இருந்தன. இந்த நோயில் கல்லீரல்தான் தவிக்கிறது.

1981இல் பிரெஞ்சு மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்த இந்த நோய் உலகத்திலேயே அரிது. இதே நொதியின் மென்மையான ஒரு மாற்றம் மட்டும் கனடா, கிரீன்லாந்துப் பகுதிகளின் இனுயிட் மக்களிடம் பரவலாக இருக்கிறது. நம் பக்கம் இது வெளிப்படுவதற்குச் சொந்தத்தில் திருமணம் முக்கியமான காரணம். அதைப் பெற்றோரிடம் பழியாக இல்லாமல் சொல்ல வேண்டும். “உங்க ரெண்டு பேர்ட்டயும் இது ஒளிஞ்சிருந்துச்சும்மா, யாரும் பண்ண தப்பு இல்ல” என்றோம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு என்பதையும் விளக்கினோம். இறந்த மூத்தவனுக்கும் இதுவே இருந்திருக்கலாமா என்று அப்பா கேட்டார். இருந்திருக்க மிகவும் வாய்ப்புண்டு, நிரூபிக்க இப்போது மாதிரி எதுவும் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அம்மா அன்று சாப்பிடவில்லை.

வீட்டுக்குப் போனபின்

திட்டம் சிக்கலானதல்ல. பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாடு. மாவுச்சத்து அதிகம்: இட்லி, ராகிக் கூழ், பருப்பு சாதம், கொழுப்பு குறைத்த பால். நீள் சங்கிலிக் கொழுப்புக்கு அளவு; உணவு ஆலோசகர் தேக்கரண்டிக் கணக்கில் எழுதிக் கொடுத்தார். இப்போது காரணம் தெரிந்துவிட்டதால் எம்சிடி எண்ணெய் சேர்த்தோம், தாளிக்காமல் சோற்றில் பிசைந்து. இரவு படுக்குமுன் பச்சைச் சோள மாவு, கிலோவுக்கு 1 கிராமில் தொடங்கி.

இந்தச் சோள மாவில்தான் உண்மையான சிரமம் வந்தது. அப்பா முதலில் வாங்கி வந்தது மஞ்சள் மக்காச்சோள மாவு. எங்களுக்குத் தேவை வெள்ளையாக, விரலில் நெறிந்து கிறீச்சிடும் கார்ன்ஃப்ளார். அதை மாற்றிக் கொடுத்தோம். அடுத்த வாரம் காலைச் சர்க்கரை 58 வந்தது. அப்பத்தாவை வரச் சொல்லி எப்படிக் கலக்குகிறார் என்று செய்து காட்டச் சொன்னோம். பச்சை மாவைப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்று, நன்றாகக் கொதிக்கவைத்துக் கஞ்சியாகக் கொடுத்திருக்கிறார். அக்கறையில் செய்தது. கொதித்தால் மாவின் மணிகள் உடைந்து சர்க்கரை சீக்கிரமே தீர்ந்துவிடும். பச்சையாகக் கலக்கினால்தான் இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். அவர் எதிரிலேயே ஆறிய தண்ணீரில் கலக்கிக் காட்டினோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாவு கலக்கும் பொறுப்பு அவருடையதே, ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

எம்சிடிக்குப் பதில் தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்டார்கள். விலை வித்தியாசம் அப்படி. நியாயமான கேள்வி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி 12 கார்பன் லாரிக் அமிலம். உடம்பு அதைப் பெரும்பாலும் நீளக் கொழுப்பைப் போலவே நடத்துகிறது. 8, 10 கார்பன் பகுதி அதில் கொஞ்சமே. எனவே அது ஈடாகாது. மருந்து விலையைச் சமாளிக்க மருத்துவமனையின் சமூகப் பணியாளர் உதவினார்.

இரண்டாவது முறை

19 மாதத்தில் வயிற்றுப்போக்கும் வாந்தியும். பக்கத்திலுள்ள மருத்துவமனையில் சர்க்கரை பார்த்தார்கள், 78. நன்றாகத்தானே இருக்கிறது, ஓஆர்எஸ் கொடுங்கள் என்று அனுப்பவிருந்தார்கள். நாங்கள் கொடுத்திருந்த பிளாஸ்டிக் உறையிட்ட கடிதத்தை அம்மா நீட்டினார். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பக்கம்: நோயின் பெயர், எடைக்கேற்ற டெக்ஸ்ட்ரோஸ் அளவு, எங்கள் தொலைபேசி எண், மேலே தடித்த எழுத்தில் “சர்க்கரை இயல்பாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்” என்ற வரி. இந்த நோயில் சர்க்கரை இறங்குவது கடைசிக் கட்டம், சோர்வும் வாந்தியும் முன்பே வந்துவிடும். பணி மருத்துவர் போன் செய்து கேட்டுவிட்டு உடனே சொட்டுநீர் தொடங்கினார். மயக்கமில்லை, வலிப்பில்லை. இரண்டாம் நாள் வீடு திரும்பினாள்.

இப்போது வயது மூன்று தாண்டிவிட்டது. கல்லீரல் வீக்கம் வடிந்துவிட்டது, நொதிகள் இயல்பு. ஓடுகிறாள், படியேறுகிறாள். பேச்சு மட்டும் வயதுக்குக் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. முதல் நாளின் நீண்ட வலிப்பும் தாழ்ந்த சர்க்கரையும் விட்டுச்சென்ற தடம் அது என்று நினைக்கிறோம். பேச்சுப் பயிற்சி தொடர்கிறது.

மாற்றியவை, இன்னும் மாற வேண்டியவை

எங்கள் அவசரப் பிரிவில் வடிதாள் அட்டையும் சிறுநீர்ப் பையும் குளுக்கோமீட்டர் இருக்கும் அதே தட்டில் வைக்கப்பட்டுள்ளன. சர்க்கரை 45க்குக் கீழே போன எந்தக் குழந்தைக்கும் முதல் ரத்தத்தில் நான்கு சொட்டு அட்டைக்கு, முதல் சிறுநீர் கீட்டோன் பட்டைக்கு. டெக்ஸ்ட்ரோஸ் ஏறிய சில மணி நேரத்தில் தடயங்கள் மங்கிவிடும். சிபிடி-1ஏ போன்ற நோய்க்கு அட்டையில் காய்ந்த முழு ரத்தமே பிளாஸ்மாவைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கும் என்பதால், குழாயில் எடுத்துவிட்டோம் என்று அட்டையைத் தவிர்க்கக் கூடாது.

வலிப்போடு பரிந்துரைக்கப்படும் குழந்தைகளின் கடிதத்தில் சர்க்கரை அளவு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று சுற்றுவட்டார மருத்துவமனைகளிடம் கேட்டிருக்கிறோம். இந்தக் குழந்தைக்கு அது பார்க்கப்படாமலே முக்கால் மணி நேரப் பயணம் நடந்தது. இப்போது வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் எண் இருக்கிறது.

பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்துவிட முடியும். இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படிச் சோதிக்கும் நாடு தழுவிய திட்டம் இல்லை. அது வரும்வரை, காரணம் தெளிவில்லாமல் குழந்தையை இழந்த குடும்பத்திலும், நெருங்கிய சொந்தத்தில் திருமணம் நடந்த வீட்டிலும் அடுத்த குழந்தைக்காவது இதைச் செய்யும்படி மகப்பேறு பிரிவோடு பேசி ஏற்பாடு செய்திருக்கிறோம். தெளிவான காரணமின்றி இறக்கும் குழந்தைகளிடமிருந்து, பெற்றோர் சம்மதித்தால், ஒரு அட்டை ரத்தம் எடுத்து வைக்கிறோம்.

அம்மாவின் தம்பிக்குச் சொந்தத்தில் பெண் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நிச்சயம் செய்வதற்கு முன்னால் இருவரையும் சோதிக்க முடியுமா என்று அப்பத்தாதான் வந்து கேட்டார். இருவரின் ரத்தமும் போன வாரம் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது.